சிலிண்டர் சத்தம் கேட்டால் இன்னும் கை நடுங்குகிறது. மூளைக்குள் என்ன நடக்கிறது?

ஜாபர்கான்பேட்டை_வாசகி:
2015 டிசம்பர் 1 ராத்திரி அடையாறு எங்கள் தெருவுக்குள் வந்தது. தரைத்தளத்து வீடு. வாசற்படியில் நின்ற தண்ணீர் கொஞ்ச நேரத்தில் இடுப்பளவு ஆனது. கரண்ட் இல்லை. அம்மாவையும் பையனையும் மாடிப்படியில் உட்காரவைத்துவிட்டு, ரேஷன் கார்டும் சான்றிதழ்களும் இருந்த பையை எடுக்க நான் மட்டும் திரும்ப உள்ளே போனேன். இருட்டில் கேஸ் சிலிண்டர் மிதந்து வந்து பீரோவில் மோதிக்கொண்டே இருந்தது. டங், டங் என்று.

இப்போது கே.கே. நகரில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். மழையைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் சிலிண்டர் போடுகிற தம்பி படிக்கட்டில் அதை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டால் போதும், உள்ளங்கை வேர்த்துவிடும். ஓடிபி எண்ணைக்கூடச் சரியாகச் சொல்ல வராது.

இன்னொன்றும் புரியவில்லை. வெள்ளம் வடிந்த அந்த வாரம் தெம்பாகத்தான் இருந்தேன். சேறு அள்ளினேன், பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துச் சமைத்தேன். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் எல்லாம் ஆரம்பித்தது. அண்ணன் "மனசைத் திடப்படுத்து" என்கிறார். எவ்வளவோ முயன்றுவிட்டேன். இதை அழிக்க மாத்திரை ஏதாவது உண்டா?

தரமணி_மாணவன்:
அக்கா, நான் நரம்பியல் ஆய்வு மாணவன். உங்களுக்குத் திடம் குறைவே இல்லை. அந்த இருட்டில், இடுப்பளவு தண்ணீரில் திரும்ப உள்ளே போனவர் நீங்கள்.

மூளையில் அமிக்டலா என்று பாதாம் பருப்பு வடிவத்தில் ஒரு பகுதி இருக்கிறது. சத்தத்தைக் கொண்டுவரும் நரம்பும் ஆபத்தைச் சொல்லும் நரம்பும் அங்கே ஒரே செல்லில் வந்து சேர்கின்றன. நரம்பு நுனிக்கும் செல்லுக்கும் நடுவில் உள்ள மிக நுண்ணிய இடைவெளிதான் சினாப்ஸ். சத்தம் வந்ததும் குளூட்டமேட் என்ற ரசாயனம் அந்த இடைவெளியில் கொட்டும். எதிர்ப்பக்கம் அதை வாங்கும் ஏற்பிகளில் ஆம்பா என்ற வகை உடனே திறந்துவிடும். என்எம்டிஏ என்ற இன்னொரு வகை அப்படியில்லை, அதன் வாயை ஒரு மக்னீசியம் அயனி தக்கை மாதிரி அடைத்திருக்கும். வெறும் சிலிண்டர் சத்தத்துக்கு அந்தத் தக்கை அசையாது. அன்றைக்கு உயிர்பயமும் அதே நேரத்தில் வந்து செல்லைப் பலமாகத் தூண்டியது. தக்கை விலகியது, கால்சியம் உள்ளே பாய்ந்தது. அதன் விளைவாக இன்னும் நிறைய ஆம்பா ஏற்பிகள் அங்கே வந்து உட்காரும், அடுத்த சில மணி நேரத்தில் புதுப் புரதங்கள் உருவாகி அதை நிலைக்கவைக்கும். பதற்றத்தில் சுரக்கும் நார்அட்ரீனலின் இன்னும் அழுத்திப் பதிக்கும். அப்புறம் சத்தம் தனியாக வந்தாலே செல் துடிக்கும். 1990இல் எலிகளின் அமிக்டலாவில் என்எம்டிஏ ஏற்பியை மருந்தால் அடைத்துப் பார்த்தார்கள். புதிதாகப் பயத்தைக் கற்க முடியவில்லை, ஏற்கெனவே கற்றது மட்டும் அப்படியே இருந்தது.

மழைச் சத்தம் ஏன் இப்படி ஒட்டவில்லை என்றால், சின்ன வயதிலிருந்து ஆயிரம் மழையை ஆபத்தில்லாமல் கேட்டிருக்கிறீர்கள். பழகிய சத்தம் பயத்தோடு சீக்கிரம் சேராது. சிலிண்டர் மிதந்து மோதுகிற சத்தத்தை அதற்கு முன் நீங்கள் கேட்டதே இல்லை.

அந்தப் பத்து நாள் விஷயம் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பெங்களூரில் உள்ள என்சிபிஎஸ் என்ற உயிரியல் ஆய்வு மையத்தில் சுமந்திர சட்டர்ஜி குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், எலிகளை ஒரே ஒரு முறை, இரண்டு மணி நேரம் அசையவிடாமல் வைத்தார்கள். மறுநாள் அமிக்டலா செல்களில் மாற்றமே இல்லை. பத்தாம் நாள் பார்த்தால் சினாப்ஸ் அமைகிற நுண்முட்கள் அதிகமாகியிருந்தன. நீங்களும் எலியும் ஒன்றில்லை, சரி. ஆனால் நீங்கள் கற்பனை செய்யவில்லை என்பதற்கு இது போதும்.

கீழ்ப்பாக்கம்_செவிலி:
அம்மாடி, மாத்திரையைப் பற்றி நான் சொல்கிறேன். அழிக்கிற மருந்து இல்லை. 2000இல் நாடர், லெடூ என்ற நரம்பியல் ஆய்வாளர்களின் குழுவினர் எலிகளில் காட்டியது பெரிய விஷயம்தான். நினைவைத் தட்டி எழுப்பினால் அது கொஞ்ச நேரம் இளகும், அப்போது அமிக்டலாவில் புரதம் உருவாவதை ஒரு மருந்தால் தடுத்தால் பயம் குறையும். அந்த மருந்தை மனிதருக்குக் கொடுக்க முடியாது. ப்ரோப்ரனலால் என்ற ரத்த அழுத்த மாத்திரையை வைத்து மனிதரிடம் முயன்றார்கள், முடிவு ஒரே மாதிரி வரவில்லை. நீங்களாக வாங்கிப் போட்டுவிடாதீர்கள், ஆஸ்துமா இருந்தால் ஆபத்து.

பயன் தருவது, பாதுகாப்பான இடத்தில் அதே சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்பது. பழைய பதிவு அழியாது. "இது ஆபத்தில்லை" என்ற புதுப் பாடம் அதற்கு மேல் பதியும், அதற்கும் அதே என்எம்டிஏதான் வேண்டும். சமையலறையில் மட்டும் பழகினால் பாடம் சமையலறையோடு நின்றுவிடும். படிக்கட்டு, பக்கத்து வீடு, பகல், ராத்திரி என்று மாற்றிப் பழகுங்கள். தனியாகத் தொடங்க வேண்டாம், முதலில் மனநல ஆலோசகரோடு. அரசின் மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம்.

ஜாபர்கான்பேட்டை_வாசகி:
தம்பி, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. 14416இல் பேசினேன், அடுத்த வாரம் ஆலோசகரைப் பார்க்கிறேன். இதையெல்லாம் பையனிடம் படித்துக் காட்டினேன். அன்றைக்குப் படிக்கட்டில் உட்கார்ந்து அவனும் அந்த டங் டங்கைக் கேட்டுக்கொண்டிருந்தானாம். அது கேட்கிறவரை அம்மா உள்ளே இருக்கிறாள் என்று நினைத்தானாம். இத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் இதைப் பேசிக்கொண்டதே இல்லை. ஆலோசகரிடம் தானும் வருகிறேன் என்கிறான்.