எச்சம் இல்லாத தட்டு: பி.டி. புரதத்தோடு உங்கள் அனுபவம்?

குப்பிப்புழு:
முனைவர் பட்ட இரண்டாம் ஆண்டு. பூச்சிப்புழுக்களைக் கொல்லும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (பி.டி.) என்ற நுண்ணுயிரியின் புரதப் படிகத்தைப் பிரித்தெடுக்கவே மாதக்கணக்கில் ஆகிவிட்டது. செயற்கை உணவில் தடவி இளம்புழுக்களை விட்டேன். மறுநாள் எண்ணினால் ஒன்றுகூடச் சாகவில்லை. 'இறப்பு 0' என்று குறித்துவிட்டுத் தட்டுகளைக் கழுவக் கொண்டுபோனேன். வழியில் நெறியாளர் ஒன்றை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "எச்சம் எங்கே?" என்றார். புரதம் தடவாத தட்டில் மிளகுப்பொடி தூவியதுபோல் புழுக்களின் எச்சம்; இதில் ஒரு புள்ளி இல்லை. குடல் செயலிழந்து, புழு தின்பதையே விட்டிருந்தது. மூன்றாம் நாள் எல்லாம் கறுத்துக் கிடந்தன. அதற்கு முன் இரண்டு தொகுதிப் புரதத்தை 'பயனில்லை' என்று கொட்டியவன் நான். அவற்றில் எச்சம் இருந்ததா என்று பார்க்கவே இல்லை.

முட்டைக்கோஸ்காரன்:
ஆய்வகத் தட்டில் வெயில் அடிக்காது, ஐயா. முட்டைக்கோஸைத் தின்னும் வைரமுதுகு அந்துப்பூச்சிக்காகக் காலை பதினொரு மணிக்கு பி.டி. தெளித்தேன்; இரண்டு நாளில் இலை சல்லடை. என் கதை அவ்வளவுதான். தெளிக்கப்போகிறவர்கள் கேளுங்கள். புற ஊதாக் கதிர் புரதத்தைச் சிதைத்துவிடும், ஆகவே மாலையில் தெளியுங்கள். இலையின் அடிப்பக்கமும் நனையவேண்டும். இது தின்றால்தான் கொல்லும், மேலே பட்டால் ஒன்றும் ஆகாது. புழு பெருத்தபின் தெளிப்பது வீண். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையோடு சேர்க்காதீர்கள்; அது காரத்தன்மை உள்ளது. படிகம் கரையவேண்டிய இடம் புழுவின் காரத்தன்மையுள்ள குடல், உங்கள் தெளிப்பானின் தொட்டி அல்ல. மழை மூட்டம் இருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

மல்பெரி:
யாரும் கேட்காமலே இத்தனை அறிவுரை! அதிலும் முக்கியமானது விடுபட்டிருக்கிறது: பக்கத்தில் பட்டுப்புழு வளர்த்தால் தெளிக்கவே கூடாது. 1901-இல் ஜப்பானில் இஷிவாதா என்ற ஆய்வாளர் இந்தக் கிருமியைக் கண்டதே நோயுற்ற பட்டுப்புழுவில்தான். எங்கள் வளர்ப்பறைக்கு ஒருநாள் காலை ஒருவர் பி.டி. ஆய்வக மேலங்கியோடு வந்துபோனார். மாலையில் இலை போட்டேன். கொறிக்கும் சத்தம் எப்போதும் தூறல்போல் கேட்கும். அன்று ஓரத்துத் தட்டு ஒன்றில் சத்தமே இல்லை. மேலங்கிதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியவில்லை. அவரிடம் கேட்கவும் இல்லை.

ஏழாம்தலைமுறை:
முட்டைக்கோஸ்காரரே, வெயில்மேல் மட்டும் பழி போடாதீர்கள். ஹவாயில் வைரமுதுகு அந்துப்பூச்சி வயலிலேயே பி.டி.க்கு எதிர்ப்புப் பெற்றது 1990-இல் அச்சில் வந்துவிட்டது. புரதம் குடல் சுவரில் ஒட்டித் துளை போட்டுத்தான் புழுவைக் கொல்கிறது; ஒட்டுகிற இடம் மாறிவிட்டால், பிறகு துளை விழாது. நான் ஆய்வகத்தில் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்த புழுக்களையே பொறுக்கி இனம் சேர்த்தேன். ஏழாவதில் ஒரு தட்டைத் திறந்தேன். நிறைய எச்சம்.

முட்டைக்கோஸ்காரன்:
வாரம் தவறாமல் அதே மருந்தைத் தெளித்துவந்தேன். அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.