1812 போருக்குப் பிறகு அமெரிக்காவை வளர்த்தது தேசிய உணர்வா, பருத்தியா?

கணக்குப்பிள்ளை
1812-இல் பிரிட்டனோடு தொடங்கிய போரில், 1814 ஆகஸ்டில் பிரிட்டிஷ் படை தலைநகர் வாஷிங்டனுக்குள் புகுந்து அதிபர் மாளிகையைக் கொளுத்தியது. படையை நகர்த்த ஒழுங்கான சாலை இல்லை. போருக்குக் கடன் திரட்ட தேசிய வங்கி இல்லை. முதல் வங்கியின் சாசனத்தை 1811-இலேயே புதுப்பிக்காமல் விட்டிருந்தார்கள். சூடுபட்ட பிறகுதான் புத்தி வந்தது. ஒரு காலத்தில் தேசிய வங்கியைக் கடுமையாக எதிர்த்த மாடிசனே 1816-இல், அதிபராக, 3.5 கோடி டாலர் மூலதனத்தில் இரண்டாம் வங்கிக்குக் கையெழுத்துப் போட்டார். அதே ஆண்டு உள்ளூர் ஆலைகளைக் காக்க இறக்குமதி வரி வந்தது. கென்டக்கி அரசியல்வாதி ஹென்றி கிளே பிறகு 'அமெரிக்க முறை' என்று பெயர் சூட்டிய திட்டத்துக்கு இதுதான் தொடக்கம். வரி இருந்தால் வடக்கில் ஆலை வளரும், ஆலைத் தொழிலாளி மேற்கின் தானியத்தை வாங்குவான், தெற்கின் பருத்தி வடக்கு ஆலைக்கே போகும், இவற்றைச் சாலையும் கால்வாயும் இணைக்கும். 'நாமெல்லாம் ஒரே நாடு' என்ற எண்ணம் இல்லாமல் இப்படி ஒரு கணக்கை யாராவது போட முடியுமா? தேசிய உணர்வுதான் வளர்ச்சிக்கு அடித்தளம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

காவிரிமணல்
வந்துவிட்டேன், கணக்குப்பிள்ளை அண்ணா. சாலை, கால்வாய் என்றீர்களே, அதை யார் போட்டார்கள்? வங்கி அரசுக்குக் கொடுத்த 15 லட்சம் டாலரையும் வரப்போகும் பங்காதாயத்தையும் சாலைக்கும் கால்வாய்க்கும் ஒதுக்க தென் கரோலினா அரசியல்வாதி கால்ஹூன் ஒரு மசோதா கொண்டுவந்தார். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறைவேற்றியது. 1817 மார்ச் 3 அன்று, பதவியின் கடைசி முழு நாளில், அதே மாடிசன் அதைத் திருப்பி அனுப்பினார். அரசியல் சாசனம் இதற்கு அதிகாரம் தரவில்லை என்றார். நாலே மாதத்தில் நியூயார்க் மாநிலம் தன் சொந்தக் கடனில் ஈரி கால்வாயைத் தோண்ட ஆரம்பித்தது. 363 மைல், 8 ஆண்டுகள், சுமார் 70 லட்சம் டாலர். பஃபலோவிலிருந்து நியூயார்க் நகரத்துக்கு ஒரு டன் சரக்கு அனுப்ப 100 டாலர் ஆனது, 10 டாலருக்கும் கீழே வந்தது. அந்தக் காலத்தின் ஆகப் பெரிய பொருளாதாரச் சாதனை இது. கூட்டாட்சி அரசு ஒரு டாலர் போடவில்லை.

தறிவீட்டுப்பையன்
1816 வரியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தறி. அதனால் இந்த ஒரு விஷயத்தில் எனக்குத் தனிக் கோபம் உண்டு.

பருத்தித் துணிக்கு வரி 25 சதவீதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். சூட்சுமம் அடுத்த வரியில். துணியின் உண்மை விலை எவ்வளவானாலும், கெஜம் 25 சென்டுக்குக் குறையாது என்று வைத்துத்தான் வரி போட வேண்டும். ஆக, கெஜத்துக்குக் குறைந்தது 6¼ சென்ட். கெஜம் 10 சென்ட் விற்கும் முரட்டுத் துணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வரி 62 சதவீதத்துக்கு மேல்! மலிவான முரட்டுத் துணியைக் கப்பல் கப்பலாக அனுப்பியது யார்? இந்தியா. பாஸ்டன், சேலம் வணிகர்கள் கல்கத்தாவிலிருந்து ஏற்றிப்போன சரக்கு அது. (இந்தச் சேலம் மாசசூசெட்ஸில் இருக்கிறது, நம் ஊர் இல்லை.) உயர்ந்த ரக ஆங்கிலேயத் துணியை அந்த விதி அவ்வளவாகத் தொடவில்லை.

இதற்காக வாஷிங்டன் போய்ப் பேசியவர் ஃபிரான்சிஸ் கேபட் லோவல். இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளைச் சுற்றிப் பார்த்து, விசைத்தறியின் அமைப்பை மனத்தில் பதித்துக்கொண்டு வந்து, மாசசூசெட்ஸின் வால்தமில் ஆலை போட்டவர். அவருடைய ஆலை நெய்ததும் முரட்டுத் துணிதான். புரிகிறதா?

கணக்குப்பிள்ளை
தம்பி, கோபம் புரிகிறது. ஆனால் நீ சொன்னதே என் கட்சிக்குத்தான் சாட்சி. தன் ஆலைக்கு வேலி போட்டது ஒரு நாடு. அதைத்தான் தேசியம் என்கிறேன்.

தறிவீட்டுப்பையன்
வேலி ஒருவருடைய தோட்டத்தின் அளவுக்குத் தைத்தது மாதிரி இருக்கிறதே, அதைச் சொன்னேன்.

மதுரைக்காரி
ஐந்து பதிவு ஆகியும் நிலத்தைப் பற்றியும் அடிமைகளைப் பற்றியும் யாரும் வாய் திறக்கவில்லை. சரி, நானே சொல்கிறேன்.

கணக்குப்பிள்ளை சாருக்குப் பிடித்த அந்தப் போரின் ஒரு பகுதி தெற்கில், கிரீக் பழங்குடியினரோடு நடந்தது. 1814 ஆகஸ்டில், வாஷிங்டன் எரிந்த அதே மாதத்தில், தளபதி ஆண்ட்ரூ ஜாக்சன், 'ஜாக்சன் கோட்டை' ஒப்பந்தத்தில் அவர்களிடமிருந்து 2 கோடி ஏக்கருக்கு மேல் எழுதி வாங்கினார். தன் பக்கம் நின்று சண்டை போட்ட கிரீக் மக்களின் நிலத்தையும் சேர்த்துத்தான். ஐந்தே ஆண்டில் அலபாமா ஒரு மாநிலம். அந்த மண்ணில் விளைந்தது பருத்தி. விளைவித்தவர்கள், வர்ஜீனியா பக்கத்திலிருந்து குடும்பத்தைப் பிரித்து விலைக்கு விற்று ஓட்டிவரப்பட்ட அடிமைகள். 1830-கள் வாக்கில் அமெரிக்க ஏற்றுமதியின் மதிப்பில் பாதி அளவுக்குப் பருத்தி மட்டுமே. அதில் பெரும்பகுதி லங்காஷயருக்குப் போனது, கிளே கணக்குப் போட்ட வடக்கு ஆலைகளுக்கு இல்லை. போரிட்ட எதிரிதான் முதல் வாடிக்கையாளர். இதில் தேசிய உணர்வு எங்கே வருகிறது?

நிலத்தைப் பறித்த இடத்தில் வருகிறது, அதை மறுக்கவில்லை.

கணக்குப்பிள்ளை
அம்மா, நிலமும் அடிமையும் இல்லாமல் அந்தப் பொருளாதாரம் இல்லை. என் முதல் பதிவில் விட்டது தவறுதான்.

ஆனால் காவிரிமணலுக்கு ஒரு கேள்வி. நீங்கள் கொண்டாடுகிற நியூயார்க் மாநிலம்தான் தன் எல்லைக்குள் நீராவிப் படகு ஓட்டும் உரிமையை லிவிங்ஸ்டன், ஃபுல்டன் என்ற இருவருக்கு ஏகபோகமாக எழுதிக் கொடுத்தது. பக்கத்து மாநிலங்கள் பதிலடிச் சட்டம் போட்டன. இப்படியே விட்டிருந்தால் ஆற்றுக்கு ஆறு சுங்கச்சாவடிதான். 1824-இல் கிப்பன்ஸ் வழக்கில் தலைமை நீதிபதி மார்ஷல் அந்த ஏகபோகத்தை உடைத்தார். மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் காங்கிரஸின் அதிகாரம் என்றார். அதற்கு முன்பு, 1819-இல், தேசிய வங்கியின் பால்டிமோர் கிளைக்கு மேரிலாந்து மாநிலம் வரி போட முடியாது என்று தீர்ப்பு. 'ஒரே சந்தை' தானாக முளைக்கவில்லை. ஒரே நாடு என்று நம்பிய நீதிபதிகள் எழுதி வைத்தார்கள்.

காவிரிமணல்
கிப்பன்ஸ் வழக்கை ஒப்புக்கொள்கிறேன். அது நல்ல அடி.

வங்கி வழக்கை மட்டும் எடுக்காதீர்கள். அந்த வழக்கில் பெயர் வருகிற மெக்கல்லக், பால்டிமோர் கிளையின் காசாளர். அவரும் கூட்டாளிகளும் ஈடு இல்லாமல் தங்களுக்கே கடன் எழுதிக்கொண்டதில் வங்கிக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் நஷ்டம். அதுவும் 1819-இல்தான் அம்பலமானது! முதலில் தாராளமாகக் கடன் கொடுத்துவிட்டுப் பிறகு அவசரமாகத் திரும்பக் கேட்டது அந்த வங்கி. அந்த நேரம் பார்த்துப் பருத்தி விலையும் பாதிக்குக் கீழே விழுந்தது. 1819 நெருக்கடியில் மேற்கே நிலத்தைக் கடனுக்கு வாங்கிய விவசாயி எத்தனையோ பேர் நிலத்தை இழந்தார்கள்.

அப்புறம் கால்ஹூனைப் பாருங்கள். 1816 வரியை ஆதரித்துப் பேசியவர், 1828 வரி வந்ததும் ஒரு மாநிலம் அதைச் செல்லாது என்று அறிவிக்கலாம் என்று ரகசியமாக எழுதிக் கொடுத்தார். வடகிழக்கின் அரசியல்வாதி டேனியல் வெப்ஸ்டர் நேர் எதிர்: 1816-இல் கப்பல் வணிகர் பக்கம் நின்று வரியை எதிர்த்தார், 1828-இல் ஆலைக்காரர் பக்கம் நின்று ஆதரித்தார். ஊரின் பிழைப்பு மாறியது, தேசியமும் மாறியது.

மதுரைக்காரி
இருவரும் கடைசிவரை தாங்கள்தான் அசல் தேசபக்தர் என்று சொல்லிக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை
சரி, கால்வாய்க்கே வருகிறேன். மாநிலத்தின் வேலை, மாநிலத்தின் கடன், ஒப்புக்கொண்டேன். அப்படியானால் முதல் மண்வெட்டியை ஏன் 1817 ஜூலை 4-ஆம் தேதி போட்டார்கள்? வருடத்தில் வேறு நாளே இல்லையா?

காவிரிமணல்
நல்ல நாள் பார்த்துக் கால்கோள் போட்டார்கள் அண்ணா. அந்தக் கடன் பத்திரங்களில் பெரும்பங்கு 1820-களின் இறுதிக்குள் யார் கையில் இருந்தது தெரியுமா? வெளிநாட்டவர் கையில், முக்கியமாக லண்டன்காரர் கையில்.

கணக்குப்பிள்ளை
பிற்பாடு. தொடக்கத்தில் நம்பி வாங்கியவர்களில் பலர் நியூயார்க்கின் சாதாரண ஆட்கள், அவர்களின் சேமிப்பு வங்கியும் வாங்கியது. லண்டன் பெரிய அளவில் வந்தது வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்த பிறகு.

தறிவீட்டுப்பையன்
இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் நான் உங்கள் பக்கம் பாதியாவது வந்திருப்பேன். துணி விஷயத்தில் மட்டும் மாட்டேன்.