பெரிய கம்பெனி இன்டர்வியூ: முதல் தடவை விட்டதும் இரண்டாம் தடவை பிடித்ததும்

ஐந்து வருடம் சிறுசேரியில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் ஜாவா வேலை பார்த்தேன். அங்கிருந்தபடியே, எல்லோருக்கும் தெரிந்த பெரிய டெக் கம்பெனி ஒன்றின் பெங்களூரு அலுவலகத்துக்கு இரண்டு தடவை முயற்சி செய்தேன். முதல் தடவை ரிஜெக்ட். பதினான்கு மாதம் கழித்து ஆஃபர். தயாராகிக்கொண்டிருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

இன்டர்வியூ நடக்கும் முறை இது: ரெக்ரூட்டர் (ஆள் எடுப்பவர்) போன், ஆன்லைன் டெஸ்ட், 45 நிமிட போன் ரவுண்ட், அதில் தேறினால் ஒரே நாளில் நான்கு ரவுண்ட். நான் தவறியது போன் ரவுண்டில்.

இன்டர்வியூ எடுத்தவர் எல்ஆர்யூ கேஷ் எழுதச் சொன்னார்: இடம் நிரம்பினால், ரொம்ப நேரமாகத் தொடாததை வெளியேற்றும் தற்காலிகச் சேமிப்பு. லீட்கோட் என்ற பயிற்சித் தளத்தில் மூன்று தடவை போட்ட கணக்கு அது. சட்டென்று தேட ஹாஷ்மேப், கூடவே எதை எப்போது தொட்டோம் என்ற வரிசைக்கு ஒரு டபுளி லிங்க்டு லிஸ்ட். ரன் பட்டனே இல்லாத வெறும் எடிட்டர். இருபது நிமிடம் வாயே திறக்காமல் டைப் செய்தேன். "இரண்டு இடம்தான் இருக்கிறது என்று வைத்து ஓட்டிக் காட்டுங்கள்" என்றார். 1 போட்டு, 2 போட்டு, 1-ஐ ஒருமுறை படித்துவிட்டு 3 போட்டால், 2 வெளியேற வேண்டும். என் கோடில் 1 வெளியேறியது. 1-ஐ முன்னால் நகர்த்தியபோது டெயிலை (லிஸ்டின் கடைசியைக் காட்டுவது) 2-க்கு மாற்றாமல் விட்டிருந்தேன். "கடைசி நோடை நகர்த்தினால் டெயில் எங்கே இருக்கும்?" என்று கேட்டார். அது எனக்குக் கொடுத்த கைப்பிடி. நானோ தப்பைக் குத்திக்காட்டுகிறார் என்று பதறி, பதில் சொல்லாமல் மறுபடி கோடுக்குள் போய்விட்டேன். நேரம் முடிந்தது.

அன்று ராத்திரி ரூம்மேட் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "நீ தமிழ்லதான்டா யோசிக்கிற. இங்கிலீஷ்ல சொல்லணும்னு நினைச்சதும் நின்னுடற. முதல்ல தமிழ்லயே சத்தமா சொல்லிப் பாரு." அவன் டெஸ்டிங்கில் இருக்கிறான். சாப்பிட்டதும் தினம் ஒரு கணக்கு. முதலில் தமிழில் அவனுக்கு விளக்குவேன், பிறகு அதையே ஆங்கிலத்தில். அவன் "ஏன்?" என்று மட்டும் கேட்பான். எனக்கே புரியாமல் மனப்பாடம் செய்திருந்த இடங்கள் எல்லாம் அந்த ஒற்றைக் கேள்வியில் வெளியே வந்தன.

இரண்டாம் தடவை நான்கு ரவுண்ட் வரை போனேன். ஒரு கோடிங் ரவுண்டில் மீட்டிங் ரூம் கணக்கு: மீட்டிங்குகளின் நேரங்களைக் கொடுத்தால் குறைந்தபட்சம் எத்தனை அறை தேவை? டைப் செய்யும் முன்பே கேட்டேன், "10 மணிக்கு ஒன்று முடிந்து 10 மணிக்கே இன்னொன்று தொடங்கினால் ஒரே அறை போதுமா?" போதும் என்றார். தொடங்கும் நேரப்படி வரிசைப்படுத்தி, முடியும் நேரங்களை மின் ஹீப்பில் (மிகச் சிறியதை எப்போதும் மேலே வைத்திருக்கும் அமைப்பு) வைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே எழுதினேன்.

சிஸ்டம் டிசைனில் யூஆர்எல் ஷார்ட்னர், அதாவது நீளமான லிங்கைச் சுருக்கித் தரும் சேவை. சின்ன, பெரிய எழுத்து, எண் எல்லாம் சேர்த்து 62. சுருக்கிய லிங்குக்கு ஏழு இடம் வைத்தால் சுமார் 3.5 லட்சம் கோடி லிங்க். மாதம் 10 கோடி புது லிங்க் வந்தாலும் நொடிக்கு நாற்பதுக்குள்தான். நிறையப் பேச வைத்தது வேறு ஒன்று: சுருக்கிய லிங்கைத் திறப்பவரை அசல் பக்கத்துக்குத் திருப்பிவிட 301-ஆ (நிரந்தரம்), 302-ஆ (தற்காலிகம்)? 301 கொடுத்தால் பிரவுசர் நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த தடவை நம் சர்வருக்கு வராமலே போய்விடலாம். கிளிக் எண்ண வேண்டுமென்றால் 302. இதை விளக்கிய பிறகு அது கேள்வி பதிலாக இல்லாமல் இரண்டு பேர் உட்கார்ந்து வேலை பார்ப்பது போல ஆகிவிட்டது. அந்தப் பத்து நிமிடம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

கடினமாக இருந்தது பழைய வேலையைப் பற்றிப் பேசிய ரவுண்ட்தான். "நாங்கள் மாற்றினோம், நாங்கள் சரிசெய்தோம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் நிறுத்தி, "அதில் நீங்கள் செய்தது எது?" என்றார். 'நான் செய்தேன்' என்று சொல்ல நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு வாய் வராது, தற்பெருமை என்று தோன்றும். ராத்திரி ஜாப் நின்றுபோனதற்குக் காரணமான டெட்லாக்கை (ஒன்றுக்காக ஒன்று காத்து இரண்டும் நின்றுவிடுவது) லாக் பார்த்துக் கண்டுபிடித்தது நான். அதைச் சொன்னேன். உண்மைதானே.

ஒன்பது நாள் கழித்து ரெக்ரூட்டர் கூப்பிட்டார்.

இப்போது ரூம்மேட் டெவலப்மென்ட் பக்கம் வரத் தயாராகிறான். ராத்திரி ஒன்பதரைக்கு போன் வரும். அவன் விளக்குவான், நான் "ஏன்?" என்று கேட்பேன்.