முக்கோணத்துக்கு ஏன் 120 பாகை?

எட்டாம் வகுப்புக்கு நிரலாக்கத்தை அறிமுகப்படுத்துவோர் பெரும்பாலும், கட்டளைக் கட்டங்களை அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்ச் மென்பொருளில் உள்ள பூனையை நடக்க வைத்துத் தொடங்குவார்கள். நான் அதே மென்பொருளில், பாத்திரம் நகரும் வழியெல்லாம் கோடு வரையும் பேனா நீட்டிப்பில் தொடங்குகிறேன். சதுரம் வரைந்து காட்டிவிட்டுச் சமபக்க முக்கோணம் வரையச் சொன்னால், கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகளே முதலில் 60 பாகை என்றுதான் இடுகிறார்கள். 100 அடி நகர்ந்து 60 பாகை திரும்புவதை மூன்று முறை செய்தால், திரையில் தோன்றுவது அறுகோணத்தின் பாதி. "சார், படம் மூடவே மாட்டேங்குது" என்றாள் ஒரு மாணவி.

விடையைச் சொல்லாமல், தரையில் சாக்பீஸால் பெரிய முக்கோணம் வரைந்து, அதன் கோட்டின் மேல் அவளை நடக்கச் சொன்னேன். மூலைக்கு வந்ததும் உடம்பு திரும்ப வேண்டியது உள்கோணமான 60 அல்ல, 180இலிருந்து அதைக் கழித்த 120 என்பதை அவள் நடந்தே கண்டுகொண்டாள். சதுரத்தில் இரண்டு கோணமும் 90 என்பதால் இந்தச் சிக்கல் அங்கே வெளியே தெரிவதில்லை. திரையில் ஓர் ஆமையை நகர்த்திப் படம் வரையும் லோகோ நிரல்மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சேமோர் பேப்பர்ட், குழந்தை தன்னை ஆமையின் இடத்தில் வைத்து நடந்து பார்க்கட்டும் என்று வலியுறுத்தியதன் பொருள் எனக்கு அன்றுதான் முழுதாக விளங்கியது. அடுத்து ஐங்கோணம் கேட்டபோது, 360ஐப் பக்க எண்ணிக்கையால் வகுத்தால் போதும் என்று பின்வரிசையிலிருந்து பதில் வந்துவிட்டது.

பயன்படுத்துவோரை மனத்தில் வைத்து வடிவமைப்பதைக் கற்பிப்பதுதான் இதைவிடக் கடினம், ஏனெனில் பிள்ளைகள் அதை வண்ணம் பூசும் வேலை என்றே எண்ணுகிறார்கள் (பெரியவர்கள் பலரும் அப்படித்தான்). ஆகவே ஒருவர் உருவாக்கிய விளையாட்டை வேறொருவர் ஆட வேண்டும், உருவாக்கியவர் பக்கத்தில் இருந்தாலும் வாய் திறக்கக் கூடாது என்று விதி வைத்தேன். புதிர்ப்பாதை விளையாட்டு ஒன்றைச் செய்திருந்த மாணவன், ஆட வந்த சிறுவன் அம்பு விசைகளையே மாற்றி மாற்றி அழுத்துவதைப் பார்த்துத் தவித்துப்போனான். அவன் நிரலோ எழுத்து விசைகளுக்கு மட்டுமே இயங்கும். முதல் திரையில் குறிப்பு எழுதி வைத்தான். அடுத்து ஆடியவள் அதைப் படிக்காமலே, விளையாட்டைத் தொடங்கும் பச்சைக் கொடியைச் சொடுக்கினாள். பிறகு யாரும் சொல்லாமல் அவனே நான்கு அம்பு விசைகளுக்கும் தனித்தனிக் கட்டளைகளைச் சேர்த்து, குறிப்பை அழித்துவிட்டான்.

கணினிகள் குறைவாக உள்ள பள்ளிகளில் இம்முறை இன்னும் எளிது. ஒரு கணினிக்கு மூவர் அமர்ந்திருப்பதால், ஆடிப் பார்க்க ஆளைத் தேட வேண்டியதில்லை.