மரம் வெட்ட முதல்: ஊர் வளவுக்கும் ஸ்காபரோ வீட்டுக்கும்

அன்பு உறவுகளே, வணக்கம்.

போன கிழமை எங்கள் குழுவில் லண்டனில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். ஊரில் தகப்பனின் வளவில் வீடு கட்டப் போகிறாராம். அத்திவாரம் வரும் இடத்தில் ஒரு பலாவும் நாலு பனையும் நிற்கின்றனவாம். வெட்டிக்கொடுக்க நல்ல ஆள் இருந்தால் சொல்லுங்கள் என்றார். அன்றிரவே மூன்று பேர் தொலைபேசி எண் அனுப்பிவிட்டார்கள். "அனுமதி எடுத்தாச்சோ?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. தம்பியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 6 வருடத்துக்கு முதல் நானும் இதே மாதிரித்தான் நடந்தேன், அதை உங்களிடம் சொல்லவேண்டும் என்று பட்டது.

முதலில் ஊர் விஷயம். இலங்கையில் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகிய மூன்றையும், அவை சொந்தக் காணியில் நின்றாலும், அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது. காணி உறுதி யார் பெயரில், மரத்தை நட்டது எந்த அப்பு என்பதெல்லாம் இங்கே கணக்கில் வராது. விதானையாரிடம் தொடங்கவேண்டும் (கிராம அலுவலர் என்று பெயர் மாறிவிட்டது, என் வாயில் விதானையார்தான் வருகிறது). அவர் மூலமாக விண்ணப்பம் பிரதேச செயலகத்துக்குப் போகும். என்ன மரம், எத்தனை, ஏன் வெட்டவேண்டும் என்று சொல்லி, காணி உங்களுடையது என்பதற்கும் ஆதாரம் காட்டவேண்டும். வெட்டிய மரத்தை லொறியில் ஏற்றிப் போவதற்கு வேறாக அனுமதி வேண்டும். வெட்டுகிற ஆள் "அதெல்லாம் நான் பார்க்கிறேன் அண்ணை" என்றால், அந்தக் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கடிதம் கைக்கு வரும்வரை ஒரு சதமும் அனுப்பவேண்டாம்.

ஏன் இந்த மூன்று மரங்கள் என்று யோசித்துப் பாருங்கள். தேக்கு, முதிரை, வேம்பு என்று பலகைக்குப் பேர்போன மரங்கள் எத்தனையோ உண்டு. இவை மூன்றும் வயிறு நிரப்புகிற மரங்கள். பலாக்காய் ஒன்று இருந்தால் ஒரு வீட்டுக்கு இரண்டு நாள் கறி. பெண் பனை என்றால் நுங்கு, பனம்பழம், பினாட்டு, கிழங்கு, ஒடியல், அதிலிருந்து கூழ். அரிசி வராத காலங்களில் எங்கள் வீடுகளில் அடுப்பு எரிந்தது எதனால் என்று அம்மா, அம்மம்மாமாரிடம் கேட்டால் சொல்வார்கள்.

பனையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பாளை தள்ளும்வரை ஆணா பெண்ணா என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்கு 12, 15 வருடம், சில இடங்களில் இன்னும் கூடப் பிடிக்கும். அதனால் ஒரு பெண் பனையை விழுத்திவிட்டு "வேறொன்று நட்டால் போச்சு" என்று சொல்வது சரியில்லை. நட்டது பெண்ணாக வருமா என்றே தெரியாது, வந்தாலும் அதன் முதல் நுங்கைக் குடிக்கப்போவது எங்கள் பிள்ளைகள்தான். "எல்லாம் ஆண் பனை அண்ணை" என்று போனில் சொல்லிப் பெண் பனையையும் சேர்த்துச் சரித்த கதைகளை இந்தக் குழுவிலேயே இரண்டு பேர் எனக்குத் தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். குலை தொங்குகிற படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எங்கள் ஊர் யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் இருப்பதால் இது எனக்கு இன்னும் கூடுதலாக உறைக்கிறது. 2000ஆம் ஆண்டு ஆனையிறவு இராணுவத் தளம் விழுந்த பிறகு நடந்த சண்டையில் சனம் முழுக்க இடம்பெயர்ந்தது உங்களுக்குத் தெரியும். திரும்பிப் போனபோது வட்டு இல்லாமல் கரிக்கட்டை மாதிரி நின்ற பனைகளை நான் பார்த்திருக்கிறேன். ஷெல்லில் போனது ஒரு பங்கு, பங்கருக்கென்று குற்றி குற்றியாக வெட்டிப் போனது இன்னொரு பங்கு. இன்று எங்கள் வளவுகளில் நிற்பவை அதற்கெல்லாம் தப்பியவை. அவற்றில் ஒன்றைப் பாரிசிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ ஒரு போன் அடித்து விழுத்தும்போது எனக்கு மனம் பொறுக்குதில்லை.

இங்கே இருந்துகொண்டு அங்கே காணி வைத்திருப்பவர்கள் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்றும் உண்டு. என் சித்தி பாரிசில் இருக்கிறார். காணி பார்க்கிற ஆள் "பலா பட்டுப்போச்சு, விழமுதல் வெட்டட்டோ" என்று கேட்டார், சித்தியும் ஓம் என்றுவிட்டார். பிறகு வந்த படத்தில் அடிக்கட்டை பால் வடிய மஞ்சளாக இருந்தது. பட்ட மரத்தில் பால் எங்கே வரும்? பலகைக் காசு ஒருவர் கைக்குப் போய்விட்டது, விதானையாரின் கேள்வி மட்டும் காணிக்காரி என்று சித்தியிடம் வந்தது. பிரிக்காத முதுசக் காணி என்றால் இன்னும் மோசம். நாலு சகோதரருக்கும் பங்குள்ள வளவில் ஒருவர் மட்டும் சொல்லி மரத்தை வெட்டினால் அது குடும்பச் சண்டையில்தான் முடியும்.

சரி, இனி இங்கத்தைய கதை. கனடாவில் நான் இருக்கும் ஸ்காபரோ ரொறன்ரோ மாநகரத்துக்குள்தான் வருகிறது. ரொறன்ரோவில் மரம் பற்றிய பைலோ (மாநகர விதி) ஒன்று இருக்கிறது, மாநகரச் சட்டக் கோவையின் 813ஆம் அத்தியாயம். தனியார் காணியில் நிற்கும் மரம் நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் 30 சென்ரிமீற்றர் விட்டமோ அதற்கு மேலோ இருந்தால், பெர்மிட் இல்லாமல் அதை வெட்டவோ காயப்படுத்தவோ கூடாது. விட்டத்தை எப்படி அளப்பது என்று கேட்பீர்கள். உங்கள் நெஞ்சு உயரத்தில் தையல் நாடாவைச் சுற்றுங்கள், சுற்றளவு 94 சென்ரிமீற்றர் வந்தால் அதுதான் 30 விட்டம். என்ன இன மரம் என்பது இல்லை, அளவுதான் பேசும். பக்கத்து நகரமான மார்க்கத்தில் வீடு வாங்கியவர்களுக்கு இன்னும் இறுக்கம், அங்கே 20 சென்ரிமீற்றர் விட்டத்திலேயே தொடங்கிவிடுகிறது. முன்முற்றத்தில் வீதியோரமாக நிற்கும் மரம் பல வீடுகளில் மாநகரத்தின் மரம். அது கைத்தடி மொத்தம் இருந்தாலும் தொடக்கூடாது. ஹைலண்ட் கிறீக், ரூஜ் ஆற்றுப் பள்ளங்களை ஒட்டி இருப்பவர்களுக்கு வேறொரு சட்டம், அங்கே எந்த அளவு மரத்துக்கும் அனுமதி வேண்டும்.

நான் பிழைவிட்டது "காயப்படுத்துதல்" என்ற சொல்லில்தான். பின்முற்றத்தில் இன்டர்லொக் (தரையில் பதிக்கும் கல்) போட ஓர் ஒப்பந்தக்காரரைப் பிடித்தேன். வேலியோரம் பெரிய சில்வர் மேப்பிள் ஒன்று நின்றது, அடி இரண்டு காணியிலும் பாதிப் பாதி. "மரத்தை வெட்டினால்தானே பிரச்சினை, நாங்கள் மண்தானே தோண்டுகிறோம்" என்றார் அவர். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. ஒரு அடி ஆழத்துக்கு இயந்திரம் தோண்டியபோது என் கை மொத்தத்தில் வேர்கள் அறுந்து விழுந்தன. அறுந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன், நிறுத்தச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அம்மா மாநகரத்துக்கு அறிவித்தார். இரண்டு நாளில் ஆள் வந்து வேலையை நிறுத்தினார். 30 விட்டம் மரத்துக்குக் குறைந்தது 2.4 மீற்றர் சுற்றிலும் தோண்டாமல், கல் மண் குவிக்காமல், வாகனம் ஓட்டாமல் விடவேண்டுமாம். மரம் பெருக்கப் பெருக்க அந்தத் தூரமும் கூடும். எங்கள் மரம் அதைப்போல் இரண்டு மடங்கு.

ஒன்ராறியோவில் வனச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. அடிமரம் எல்லைக்கோட்டில் நின்றால் அந்த மரம் இரண்டு வீட்டுக்கும் பொதுச் சொத்து. மற்றவரின் சம்மதமில்லாமல் சேதப்படுத்துவது குற்றம். வேலிக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டார் என்று வழக்குப் பேசிய ஊரிலிருந்து வந்த எனக்கு இது தெரிந்திருக்கவேண்டும். எல்லையில் நிற்கும் பூவரசில் குழை வெட்டுவதற்குக்கூட அப்பா பக்கத்து வளவில் சொல்லிவிட்டுத்தான் கத்தியை எடுப்பார். அந்த அம்மா என்னிடம் கோபமாக ஒன்றும் கதைக்கவில்லை. "என் கணவர் நட்ட மரம், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான். ஆர்பரிஸ்ட் எனப்படும் மர நிபுணரின் அறிக்கை, பெர்மிட், திருப்பிப் போட்ட வேலை எல்லாம் சேர்த்து இன்டர்லொக்குக்குக் கொடுத்ததைவிடக் கூடச் செலவானது. மரம் நிற்கிறது. எங்கள் பக்கத்துக் கொப்புகள் மூன்றாம் கோடையில் துளிர்க்கவில்லை. அதைப் பார்க்காமல் அடுக்களை யன்னலைத் திறக்க முடியாது.

குற்றம் நிரூபிக்கப்பட்டால் ரொறன்ரோவில் அபராதம் மரம் ஒன்றுக்கு 500 டொலரில் தொடங்கி 100,000 டொலர் வரை போகலாம். இலை கொட்டுகிறது, பீலி அடைக்கிறது, நிழல் விழுகிறது என்று நல்ல மரத்தை வெட்ட அனுமதி கேட்டால் கிடைப்பது கஷ்டம். வீட்டைப் பெருப்பிக்க வேறு வழியே இல்லை என்று காட்டினால் கொடுப்பார்கள், பதிலுக்குப் புதிய மரம் நடவேண்டும். பட்டுப்போன மரத்துக்கும் ஆபத்தாகச் சாய்ந்த மரத்துக்கும் பெர்மிட் தேவையில்லை. ஆனால் வெட்டமுதல் படத்தோடு மாநகர வனப் பிரிவுக்கு அனுப்பி உறுதிப்படுத்தவேண்டும். முறையாகக் கிளை கழிப்பதற்குத் தடை இல்லை, உச்சியை மொட்டையாகத் தறிப்பது முறையான கழிப்பு அல்ல. "சனிக்கிழமை விடிய வெட்டினால் ஒருத்தரும் பார்க்க மாட்டினம்" என்று யாராவது சொன்னால் அந்த ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அபராதக் கடிதத்தில் வீட்டுக்காரரின் பெயரும் வரும்.

லண்டன் உறவுகளுக்குச் சுருக்கமாக. உங்கள் தோட்டத்து மரத்துக்குக் கவுன்சில் பாதுகாப்பு ஆணை போட்டிருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். ஆணை இல்லாவிட்டாலும் வீடு "கொன்சர்வேஷன் ஏரியா" என்கிற பாதுகாப்புப் பகுதிக்குள் இருந்தால், 1.5 மீற்றர் உயரத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேல் விட்டமுள்ள மரத்தில் கை வைக்க 6 கிழமைக்கு முதல் அறிவிக்கவேண்டும். 75 மில்லிமீற்றர் என்றால் ஒரு தேநீர்க் கோப்பை வாயளவுதான்.

அப்புறம் தம்பி, உங்களுக்கு. வீட்டு வரைபடம் இன்னும் கீறி முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் நேரம் இருக்கிறது. வீட்டைப் பத்து அடி பின்னுக்கு நகர்த்தினால் பலாவும் இரண்டு பனையும் தப்பும் என்று வளவை நேரில் கண்டவன் என்ற முறையில் நினைக்கிறேன். வரைபடத்தை எனக்கு அனுப்புங்கள், ஊரில் மேசன் வேலை பார்க்கும் என் மைத்துனரிடம் நாடா பிடித்துப் பார்க்கச் சொல்கிறேன். அப்படியும் இடம் போதாவிட்டால் எந்தெந்த மரம் என்று எண்ணிக் குறித்து, விதானையாரிடம் கொடுக்கும் கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து உங்கள் அண்ணன்