கொரில்லா பாக்க உகாண்டா போறது பைத்தியக்காரத்தனமா?

குலசேகரத்தான்:
மக்கா, மூணு வருசம் சீட்டு போட்டு சேத்த காசு இருக்கு, உகாண்டால பிவிண்டி மழைக்காட்டுக்குப் போவலாம்னு பாக்கேன். காட்டு கொரில்லா கூட்டத்துக்கிட்ட ஒரு மணிநேரம் நிக்க பெர்மிட் 800 டாலர், ருவாண்டால 1500 கேக்கான் அதனால அது வேண்டாம்னு வச்சாச்சு. அங்கயே பத்வான்னு காட்டுப் பழங்குடி ஆளுக பாட்டு, ஆட்டமும் பாக்கலாமாம். வீட்ல என்னன்னா, பேச்சிப்பாறைல இல்லாத குரங்கா உகாண்டால இருக்குன்னு ஏசுதாவ.

நாஞ்சில் வெண்டக்கா:
வீட்ல சொன்னதுதான் சரி ஓய். அறுபதாயிரம் ரூவாய்க்கு மேல, ஒரு மணிநேரத்துக்கு! அதும் போவட்டு, நம்ம சளி இருமல் அதுகளுக்கு ஒட்டும் தெரியுமா? ஆப்பிரிக்கால மனுசன்கிட்ட இருந்து போன சளி வைரஸ்ல சிம்பன்சியெல்லாம் செத்திருக்கு. பாசம்னா தூரத்துல நிக்கணும்.

குலசேகரத்தான்:
அண்ணாச்சி, சளி இருந்தா மலையேறவே விடமாட்டான், மாஸ்க் போடணும், ஒரு கூட்டத்துக்கு ஒரு நாளைக்கு எட்டு பேருதான், 15 வயசு ஆகாத பிள்ளையளுக்கு அனுமதியே கிடையாது. அந்த பெர்மிட் காசுலதான் காவல் நடக்கு. பிவிண்டிக்குப் பக்கத்து விருங்கா மலைல 1981ல எண்ணும்போ மலைக் கொரில்லா 254தான் இருந்துது, இப்போ விருங்கா, பிவிண்டி ரெண்டுலயும் சேத்து 1063, 2018ல ஆபத்து கொறஞ்சிட்டுன்னு "மிக அருகிவரும்" பட்டியல்ல இருந்து ஒரு படி எறக்கியும் வச்சாச்சு. யாரும் போவாம இருந்திருந்தா இது நடந்திருக்குமா?

திற்பரப்பு தங்கச்சி:
கொரில்லா கணக்கு சரிதான் அண்ணே, ஆனா பத்வா ஆட்டம்னு ஒரு வரில சொல்லிட்டு போறியள பாத்தியளா, அங்கதான் எனக்கு இடிக்கி. அந்தக் காடு அவிய வீடாக்கும். 1991ல தேசியப் பூங்கான்னு அறிவிச்சு வெளிய தள்ளிட்டாவ, இப்போ காட்டுக்கு வெளிய நின்னு காட்டுல எப்டி வாழ்ந்தோம்னு டூரிஸ்ட்டுக்கு நடிச்சு காட்டுகாவ. ஒருக்க டவுன்ல இருந்து வந்த சொந்தக்காரங்கள கூட்டிட்டு பேச்சிப்பாறைக்கு அந்தாண்ட ஒரு காணி பழங்குடி குடியிருப்புக்குப் போனேன். ஒரு பாட்டா காலம்பற ரப்பர் பால் வெட்டிட்டு வந்து திண்ணைல அசந்து இருக்காரு, வந்தவன் போனை நீட்டிட்டு "வில்லு அம்பு ஒண்ணும் இல்லியா"ங்கான். எனக்கு தொலி உரிஞ்சு போச்சு. பாட்டா ஒண்ணும் சொல்லல, உள்ள போய் சட்டைய போட்டுட்டு வந்தாரு.

குலசேகரத்தான்:
நான் அந்த மாதிரி ஆளு இல்ல தங்கச்சி. பார்க் நுழைவுக் கட்டணத்துல 20 சதவீதம் சுத்துப்பட்டு ஊருகளுக்குன்னு அங்க சட்டமே இருக்கு.

திற்பரப்பு தங்கச்சி:
அது உள்ளாட்சி வழியாட்டு போறது. சொந்த நிலம் இல்லாத பத்வா கைக்கு எவ்வளவு வருதுன்னு போன இடத்துல கேட்டுட்டு வாங்க. ஆட்டம் பாக்கதுக்கு முன்னாடி கேளுங்க.

நாஞ்சில் வெண்டக்கா:
எதுக்கு இந்த அடி? வாலில்லாக் குரங்கு இந்தியாலயே இருக்குல்லா, ஹூலக் கிப்பன், அசாம்ல ஜோர்ஹாட் பக்கம் ஹோலோங்காபார் காட்டுல. ஆணு கருப்பு, பொண்ணு செம்பட்டை, காலம்பற ரெண்டும் மாறி மாறி கூவும். கன்னியாகுமரில விவேக் எக்ஸ்பிரஸ் ஏறி திப்ருகர் பக்கம் போவ வேண்டியதுதான், 4,100 கிலோமீட்டருக்கு மேல, மூணு நாளு சோத்துப்பொதி கெட்டணும் அவ்வளவுதான்.

பார்வதிபுரம் பாட்டா:
வெண்டக்கா, நல்லா வழி சொன்னீரு. மரியானில இருந்து திப்ருகர் போற தண்டவாளம் அந்தக் காட்டையே ரெண்டா கீறிட்டுதான் போவுது. கிப்பன் லேசுல தரைல எறங்காது, மரத்துக்கு மரம் தாவித்தான் போவும், கிளை விட்டுப்போன எடத்துல அங்கிட்டு உள்ளது அங்கிட்டு, இங்கிட்டு உள்ளது இங்கிட்டு. நீரு சோத்துப்பொதிய அவுக்கிற ரயிலும் அந்தப் பாதைதான்.

நாஞ்சில் வெண்டக்கா:
எளவு, இது எனக்குத் தெரியாதே.

குலசேகரத்தான்:
சரி சரி, ரெண்டையும் யோசிக்கேன். உகாண்டாக்கு மஞ்சக்காய்ச்சல் ஊசி கட்டாயமாம், திருவனந்தபுரத்துல யாராவது போட்டிருக்கியளா? காலைல எத்தன மணிக்கு போயி நிக்கணும்?