ஈம் கிராமத்துப் பதிவேட்டில் ஒரு பிப்ரவரி

பக்கத்து வீட்டுப் பாட்டியின் பூர்வீகம் இங்கிலாந்தின் டெர்பிஷயரில் உள்ள ஈம். 1665 செப்டம்பரில், லண்டனிலிருந்து தையற்காரர் வீட்டுக்கு வந்த துணியோடு பிளேக் நுழைந்ததாகச் சொல்லப்படும் கிராமம் அது. மறு ஆண்டு ஜூனில் போதகர் வில்லியம் மோம்பெசனும், அவருக்கு முன் அங்கே ஊழியம் செய்த தாமஸ் ஸ்டான்லியும் மக்களைச் சம்மதிக்க வைத்து, நோய் வெளியே பரவாதபடி ஊரையே அடைத்துக்கொண்டார்கள். சுமார் 260 பேர் மாண்டார்கள். எலிசபெத் ஹான்காக் என்ற பெண் எட்டே நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தார். அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பாட்டி வைத்திருந்த குடும்பக் குறிப்பில் ஒரு மூதாதையின் அடக்கம் 'பிப்ரவரி 1665' என்றிருந்தது. நோய் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றுதான் தலைமுறைகளாக நம்பியிருந்தார்கள். இணையத்தில் கிடைத்த பெயர்ப் பட்டியலிலும் அதே தேதிதான். மேட்லாக்கில் உள்ள டெர்பிஷயர் ஆவணக் காப்பகத்துக்குப் போய், ஊர்த் தேவாலயத்தின் அடக்கப் பதிவேட்டுப் பக்கத்தையே வரிசையாகப் படித்தோம். டிசம்பர் 1665 முடிந்து ஜனவரி 1665, அப்புறம் பிப்ரவரி 1665! அன்றைய இங்கிலாந்தில் மார்ச் 25-ல்தான் ஆண்டு பிறக்கும். 1752-ல்தான் ஜனவரி 1-க்கு மாற்றினார்கள். ஆக, நம் கணக்கில் அது 1666 பிப்ரவரி. நோய் ஊருக்குள் இருந்த காலம்.

பிளேக்கில்தான் இறந்தாள் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அந்தக் குளிர்காலத்தில் சாவு குறைந்திருந்தது. ஆனால் பட்டியலை மட்டும் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. தயவுசெய்து மூலப் பக்கத்தைப் பாருங்கள், முன்னும் பின்னும் நாலு பக்கம் சேர்த்து.

*

அக்கா, நீங்கள் ஈம் பற்றி எழுதியதைப் படித்தேன். என் கணவர் குடும்பம் இங்கிலாந்தின் நார்ஃபோக். அதில் கூலி வேலை பார்த்த ஒருவர், ஞானஸ்நானம், கல்யாணம் என்ற இரண்டு வரிகளோடு மறைந்துபோயிருந்தார். அரசுப் பிறப்பு இறப்புப் பதிவு 1837 ஜூலையில்தான் தொடங்கியது. இவர் அதற்கு முந்தையவர். கடைசியில் நாரிச் காப்பகத்தில், ஏழைகளை விசாரித்து எழுதிய தாள்களில் அகப்பட்டார்.

பிழைக்க வந்தவர் ஊருக்குப் பாரமாவார் என்று பட்டால் சொந்த பாரிஷுக்கே (ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊர்ப் பகுதி) திருப்பி அனுப்ப 1662 சட்டம் இடம் கொடுத்தது. எது சொந்த பாரிஷ் என்று முடிவு செய்ய, இரண்டு நீதிபதிகள் முன் நிறுத்திக் கேட்பார்களாம்: எங்கே பிறந்தாய், யாரிடம் முழு வருஷம் வேலை பார்த்தாய், என்ன கூலி? அந்த மனுஷர் சொன்ன பதில் ஒரு பக்கத்துக்கு மேல் இருக்கிறது. கையெழுத்து இல்லை, ஒரு பெருக்கல் குறிதான். படிக்கும்போது என் கணவர் பேசவே இல்லை.

ஏழைக் குடும்பத்தைத் தேடுபவர்கள் காப்பகத்தில் 'செட்டில்மென்ட் எக்ஸாமினேஷன்' என்று கேளுங்கள்; இந்த விசாரணைத் தாள்களுக்கு அதுதான் பெயர். எல்லா ஊருக்கும் மிஞ்சியிருக்காது, ஆனாலும் கேளுங்கள்.